நாய் முன்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. பனடோல் கொடுத்துக் கட்டிவிடலாமா?

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம், நேற்று பின்னேரம் காட்டோரம் போய் வந்த நாய் முன்காலை ஊன்றுவதில்லை, அரைப் பனடோல் கொடுத்துக் காலைச் சுற்றிக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். புரூபன், டைக்குளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் இன்னும் மோசம்: இரைப்பை புண்ணாகி மலம் தார்போலக் கறுப்பாகப் போகும், சிறுநீரகமும் அடிபடும். "நாங்கள் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே எழுத வருபவர்கள் இதையும் யோசியுங்கள்: அவற்றைக் கொடுத்துவிட்டால், நாய்க்கு ஒத்துப்போகும் மெலோக்சிகாம் என்ற நோமருந்தை மிருக வைத்தியர் சில நாளைக்குத் தொடங்க முடியாது. அதுகூட நிறை பார்த்துத்தான். வழமையாக முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு 0.1, சாப்பாட்டோடு. 15 கிலோ நாய்க்கு முதல் நாள் மொத்தமே 3 மில்லிகிராம்.

முதலில் எந்தக் கால் என்று வடிவாகப் பாருங்கள். முற்றத்தில் மெல்ல நடத்தினால், நொந்த முன்கால் நிலத்தில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். பலர் மறுகாலைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு வாயைப் பழஞ்சாரத் துண்டால் கட்டுங்கள். நோவில் எந்த நாயும் கடிக்கும். ஆனால் எச்சில் வடிகிறது, குரல் மாறியிருக்கிறது, விசர்நாய்த் தடுப்பூசியும் போடவில்லை என்றால் கிட்டப் போகாமல் அடைத்துவிட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள்.

பாதத்தில் தொடங்கி மேலே போங்கள். நகம் பிளந்திருக்கிறதா, விரலிடுக்கில் உண்ணியா, முள்ளா? அரை லீற்றர் கொதித்தாறிய நீருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டு, 5 நிமிடம் ஊறவிட்டால் முள்முனை தெரியும். ஏறிய சாய்விலேயே இழுங்கள். முறிந்தால் ஊசியால் கிண்டாதீர்கள், உள்ளே போய்விடும். பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் ஊற்றவேண்டாம்.

காட்டோரம் போன நாய் என்பதால் மணிக்கட்டுக்கு மேலே மயிரை விலக்கியும் பாருங்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அறுந்து, வளையமாகத் தோலுக்குள் புதைந்திருக்கலாம். மேலே மயிர் மூடியிருக்கும், கீழே மட்டும் கால் வீங்கும். மிருகம் தட்டினால் வெடிக்கக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கின் சன்னம் என்றால் சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கலாம். சுருக்கு வைக்கிறவர் யார் என்று ஊருக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. சரி, அது வேறு கதை.

ஓரிரு மணித்தியாலத்தில் கால் உப்பி, கடிவாயில் இரத்தம் கசிந்தால் புடையன் பாம்பு கடித்திருக்கலாம். கீறாமல், இறுக்கிக் கட்டாமல், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு மறுகால் என்று நொண்டி, காய்ச்சலும் இருந்தால் உண்ணிக்காய்ச்சலைச் சந்தேகிக்கவேண்டும். அதற்கு இரத்தப் பரிசோதனை, பெரும்பாலும் நாலு கிழமை டொக்சிசைக்கிளின் மருந்து.

கால் தொங்கினால் முறிவாக இருக்கலாம். முறிவு நெரிவு வைத்தியரிடம் மூலிகைப் பத்துப் போட்டுக் கட்டுவதில் நம்பிக்கை உள்ளவர்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் மனிதன் இறுக்குகிறது என்று சொல்வான், நாய் சொல்லாது. பாதம் அழுகிய பிறகுதான் மணக்கும். மேல்கால் எலும்பு முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுவது முறிவில் பாரம் தொங்கவிடுவது மாதிரி. பலகையில் படுக்கவைத்து ஓட்டோவில் ஏற்றுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலே அழைத்து, வைத்தியர் இருக்கிறாரா, எக்ஸ்றே எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள்.

இவை ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு என்றால் நாயை ஓடவிடாமல் கட்டிவைத்து ஆறவிடுவதுதான் மருந்து. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தரம் 10 நிமிடம், நாளைக்கு மூன்று தரம். மூன்றாம் நாளும் ஊன்றாவிட்டால் காட்டவேண்டும். நொண்டல் நின்றாலும் இரண்டு கிழமைக்கு நாயை அவிழ்த்துவிடாதீர்கள், கோழியைக் கலைத்து ஒரே ஓட்டத்தில் திரும்பவும் சுளுக்கிவிடும்.

வைத்தியர் கட்டுப் போட்டால் நடு விரல் இரண்டும் வெளியே தெரியட்டும். காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். விரல்கள் குளிர்ந்தாலோ, விரிந்து வீங்கினாலோ, அன்றைக்கே கட்டை அவிழ்க்கவேண்டும்.