நாவல் சோறு போடுமா என்று கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகள் நாவலாசிரியை ஆக விரும்புகிறாள், நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாவலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது எந்த நாட்டிலும் அரிது. ஆனால் புத்தகத்தைச் சுற்றி மாதச் சம்பளம் தரும் வேலைகள் பல இருக்கின்றன. அவளுக்கு இத்தாலிய இலக்கியத்தில் ஆர்வம் என்கிறீர்களே, அங்கிருந்தே ஒருவரைச் சொல்கிறேன்.

எழுத்தாளர் எர்னெஸ்டோ ஃபெர்ரெரோ 1938-இல் வட இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். 25 வயதில் அவ்வூரின் புகழ்பெற்ற ஐனாவ்டி பதிப்பகத்தில் பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிவரும் புத்தகம் எதைப் பற்றியது, அதை ஏன் படிக்க வேண்டும் என்று செய்தியாளருக்குச் சில வரிகளில் புரியவைக்க வேண்டிய வேலை அது. புகழ்பெற்ற இத்தாலிய நாவலாசிரியர் இதாலோ கால்வினோவும் முன்பு அங்கே இதே பணியைச் செய்தவர்தான். அடுத்தவர் புத்தகத்தைப் பற்றி நாள்தோறும் எழுதுகிறவருக்குச் சொல்லை எண்ணிச் செலவிடும் பழக்கம் வந்துவிடும். எழுத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே படிப்படியாக உயர்ந்து பதிப்பு இயக்குநரானார். பிரெஞ்சு எழுத்தாளர் செலினின் நாவலை இத்தாலிய மொழிக்கு மொழிபெயர்த்தார். 1998 முதல் 2016 வரை டூரின் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியை இயக்கினார். ஃபியட் கார்கள் உருவான பழைய லிங்கோட்டோ தொழிற்சாலையில் நடக்கும் விழா அது. யாரை அழைப்பது, எந்த நாட்டைச் சிறப்பு விருந்தினராக்குவது, பதிப்பாளர்களையும் நகராட்சியையும் எப்படி ஒரே மேசைக்குக் கொண்டுவருவது என்பதெல்லாம் இத்தகைய பொறுப்பில் அடங்கும். 2010-இல் அங்கே சிறப்பு விருந்தினர் இந்தியாதான்.

அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே, 2000-இல், தாம் எழுதிய ஒரு நாவலுக்காக இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்ட்ரேகாவை வென்றார். நாடுகடத்தப்பட்ட நெப்போலியன் எல்பா தீவில் கழித்த பத்து மாதங்களை, நெப்போலியனின் நூலகர் சொல்வதாக அமைந்த நாவல் அது. அப்போது ஃபெர்ரெரோவுக்கு வயது 62. இந்த வயதை மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். 22 வயதில் புகழ் வரவில்லையே என்று பிள்ளைகள் துவண்டுபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கண்காட்சி இயக்குநர் பதவி ஊருக்கு ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் அரசுப் பணத்தை நம்பியது. அதைக் குறிவைத்துப் படிக்க முடியாது. மெய்ப்புப் பார்ப்பது, பிரதியைச் செம்மைப்படுத்துவது, மொழிபெயர்ப்பு, விளம்பரக் குறிப்பு எழுதுவது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு பதிப்பகத்துக்குள் நுழைய முடியும்.

எந்தப் பட்டப்படிப்பு என்று அவளோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிடித்த பாடத்தில் சேரட்டும். கூடவே இத்தாலிய மொழியை முறையாகக் கற்கட்டும். அண்மையில் படித்த நாவல் ஒன்றைப் பற்றி, படிக்காதவருக்கும் வாங்கத் தோன்றும்படி, 150 சொற்களில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அதைக் கையோடு கொண்டுவாருங்கள். மூவரும் சேர்ந்து படித்துவிட்டுப் பேசலாம்.