மாரிகாலத்து வீட்டுத்தோட்டம்: கேள்வி பதில்

நுவரெலியாவிலும் பின்னர் கொழும்பிலும் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை மரக்கறியும் கீரையும் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். ரோஜாவைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

வெள்ளவத்தை: கொத்தமல்லியை நான்கு தடவை விதைத்தேன். இரண்டு தடவை முளைக்கவேயில்லை. முளைத்ததும் சீக்கிரம் பூத்துவிட்டது. மார்கழியிலாவது சரிவருமா?

சரிவரும், ஆனால் குளிரை நம்ப வேண்டாம் அம்மா. மார்கழியிலும் கொழும்பின் இரவு 22 பாகையை ஒட்டியே நிற்கும். பகலில் 30 பாகை. குளிர் விரும்பும் இச்செடி அந்த வெயிலில் பூப்பதற்கே அவசரப்படும். அதனால், பூக்க முன்னரே அறுத்துவிடும் பயிராக இதை நடத்துங்கள்: பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சிறிது விதைத்து, 35 முதல் 40 நாளில் அடியோடு வெட்டி எடுக்க வேண்டும்.

நாம் விதை என்று சொல்லும் மல்லிக்குள் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கின்றன. பலகையில் பரப்பி, போத்தலை மெதுவாக உருட்டினால் அவை பிரியும்; பிறகு ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். கடையில் வாங்கிய மல்லி பழையதா என்று அறிய, இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பதினான்கு நாளில் பாதிகூட முளைக்காவிட்டால் மிச்சத்தைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். நாற்றைப் பிடுங்கி நட வேண்டாம், வேர் கலங்கினால் இன்னும் சீக்கிரம் பூக்கும். நான் அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் பெட்டிகளில், மதியத்துக்குப் பின் நிழல் விழும் மதிலோரம் வளர்க்கிறேன்.

கொட்டாஞ்சேனை: தக்காளி நாற்று விரல் உயரம் வந்ததும் சாய்ந்து விழுகிறது. பூச்சியா?

பூச்சியன்று, பூஞ்சணம். சாய்ந்த நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நனைந்த நூல்போல் மெலிந்திருக்கும். விழுந்ததை எழுப்ப மருந்தில்லை. ஐதாக விதையுங்கள், தும்புத்தூளோடு ஆற்றுமணலும் கலவுங்கள், காலையில் மட்டும் நீர் விடுங்கள், ஒக்டோபர், நவெம்பர் மழை நேரே விழாமல் மேலே பொலித்தீன் கட்டுங்கள். தரையில் நாற்றுமேடை போடுவோர், அதன்மேல் உமியும் வைக்கோலும் பரப்பி எரித்துவிட்டு விதைப்பது நம் விவசாயிகளின் பழைய வழி. இன்றும் பயன் தருகிறது.

சட்டியின் கீழே உள்ள தட்டை எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் நீர் வேரையும் அழுகச் செய்யும், டெங்கு நுளம்பையும் வளர்க்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அந்த நுளம்பின் முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வத்தளை: மிளகாய் நாற்று சாய்கிறது.

தக்காளிக்குச் சொன்னதே. தட்டையும் எடுங்கள்.

தெகிவளை: லண்டனில் அண்ணா வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் ஒக்டோபரில் உள்ளி நட்டு ஜூலையில் கிண்டுகிறார். நானும் ஒக்டோபரில் நட்டேன், இலை மட்டுமே வந்தது.

தவறு உங்களுடையதன்று, தம்பி. உள்ளி பற்களாகப் பிரிய, பெரும்பாலான இனங்களுக்கு 10 பாகைக்குக் கீழான குளிர் சில வாரம் வேண்டும். அதன்பின் நீண்ட பகலும் வேண்டும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணித்தியாலத்துக்கும் அதிகம். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணித்தியாலம்தான். இலையை நறுக்கி முட்டைப் பொரியலில் போடுங்கள்.

கந்தப்பளை: தை மாதப் பனியில் உருளைக்கிழங்கு இலை கருகுகிறது.

இக்கேள்விகளுள் உண்மையான குளிர் இது ஒன்றுதான். நுவரெலியாவில் நான் இருந்த காலத்தில், வெள்ளையாக உறைந்த இலைகளின்மேல் சூரியன் படுமுன் நீர் தெளித்துக் கழுவுவார்கள்; விடியலில் வாளியைத் தூக்கும் விரல்கள் மரத்துப்போகும். சிறிய பாத்தியாயின், மாலையிலேயே இலையில் படாதவாறு கம்பு நட்டு மேலே சாக்கு விரியுங்கள்.

கல்கிசை: மாரியில் மிளகாய் இலை மஞ்சளாகிறது. கூட்டெரு மட்டும் போடுகிறேன்.

மழை நைதரசனைக் கழுவிச் செல்கிறது. பத்து லீற்றர் சட்டிக்குக் கால் தேக்கரண்டி யூரியாவைத் தண்டிலிருந்து விலக்கி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடுங்கள்.

பம்பலப்பிட்டி: ஐயா, நஞ்சைப் பரிந்துரைக்கிறீர்கள். இயற்கை விவசாயத்தை ஒழுங்காகச் செய்யவிட்டிருந்தால் 2021இல் நாடு வென்றிருக்கும்.

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். யூரியாவில் நைதரசன் 46 வீதம். வீட்டுக் கூட்டெருவில் 1 அல்லது 2 வீதம். ஒரு கிலோ யூரியாவின் இடத்தை நிரப்ப 23 முதல் 46 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் நுண்ணுயிர்கள் சிதைத்த பின்னரே பயிருக்குக் கிடைக்கும், நுவரெலியாக் குளிரில் அந்தச் சிதைவு மேலும் தாமதமாகும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. தடை நவெம்பரில் நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது, அந்தப் போக நெல்லும் வீழ்ந்தது. கூட்டெருவை நான் குறைசொல்லவில்லை. மண்ணைப் பொலபொலப்பாக்க அதற்கு நிகரில்லை, என் சட்டிகளில் மூன்றிலொரு பங்கு அதுவே.

பம்பலப்பிட்டி மீண்டும்: எங்கள் பாட்டன் யூரியாவா போட்டார்?

உங்கள் பாட்டன் பட்டியில் மாடு கட்டியிருந்தார். உங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் எத்தனை மாடு நிற்கிறது?

மட்டக்குளி: கோவா கட்டுமா?

வெப்பம் தாங்கும் கலப்பினமாயின் கட்டும், சிறிதாக. அந்தச் சட்டியில் கங்குன் கீரை போட்டால் மூன்று வாரத்தில் கறி.

மருதானை: கத்தரி நாற்று சாய்கிறது.

மூன்றாவது தடவை. மேலே வாசியுங்கள்.

நீர்கொழும்பு: தென்னையில் வெள்ளை ஈ.

என் துறையன்று. தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.

கிருலப்பனை: வெண்டி நாற்றும் சாய்கிறது, ஐயா.

வெண்டியை நாற்று மேடையில் வளர்ப்பதில்லை. நிலைத்து நிற்கும் சட்டியிலேயே விதையுங்கள். தட்டை எடுத்துவிட்டீர்களா?