பழைய ஜீப்பின் வீல் பேரிங், புதிய காரின் ஹப்: எது உறுதியானது?

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். அப்பா காலத்து ஏலத்தோட்ட ஜீப்பில் வீல் பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிரீஸ் வைத்து மாட்டினால் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. இன்றைய காரில் லேசாக ஓசை வந்தாலே பேரிங்கையோ, சக்கரம் மாட்டும் ஹப்பையோ முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலப் பொறியியல்தானே உறுதியானது?

உறுதியானது என்று சொல்ல மாட்டேன். பழுதுபார்க்க இடம் கொடுத்தது என்று சொல்வேன். தேனி மாவட்டம் கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் இரண்டு வகை வண்டிகளும் வருகின்றன. விடிவதற்கு முன்பே தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறும் ஜீப்புகள் ஒரு பக்கம். தேக்கடிக்கும் கோட்டயத்துக்கும் போய்வரும் சிறிய கார்கள் இன்னொரு பக்கம். இரண்டின் ஹப்பையும் பிரித்துப் பார்ப்பவனுக்குத் தெரிவது, பழையதில் துல்லியம் மெக்கானிக்கின் கையில் விடப்பட்டிருந்தது, புதியதில் அது தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டுவிட்டது என்பதுதான்.

ஜீப்பின் முன் ஹப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். இந்த வகைப் பேரிங்குக்கு அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் காப்புரிமை பெற்றது 1898-ல். மோட்டார் வண்டிகளைவிட அப்போது குதிரை வண்டிகளின் அச்சைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். உருளைகள் சாய்வாக இருப்பதால் மேலிருந்து வரும் எடையையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒரே பேரிங் தாங்கும். ஆனால் கப் எனும் வெளி வளையத்துக்கும் கோன் எனும் உள் வளையத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை நட்டு முறுக்குபவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே, சுழலத் தயங்கும் வரை உள் நட்டை இறுக்கி, பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரைப் போட்டு, வெளி நட்டால் கட்டி, வாஷரின் காதை மடக்க வேண்டும். எஞ்சியிருக்க வேண்டிய ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு உள்ளேதான். அதிகமாக இறுக்கினால் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். தளர விட்டால் உருளைகள் ஓரத்தில் மட்டும் சுமை வாங்கி, கப்பில் படிப்படியாகச் செதில் கிளம்பும்.

கிரீஸின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பழைய கால்சியம் கிரீஸ் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும், ஆனால் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உருக்குலைந்துவிடும். சோடியம் கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். இரண்டையும் ஓரளவு தாங்கும் லித்தியம் கிரீஸ் 1940களில்தான் வந்தது. எங்கள் ஊரில் இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தி அன்று. குமுளியிலிருந்து மலையடிவார லோயர் கேம்ப் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியின் டிரம் கொதித்துப்போயிருக்கும். அந்தச் சூடு அப்படியே ஹப்புக்கு வரும். “நிறைய வைத்தால் நல்லது” என்று ஹப் முழுக்கக் கிரீஸை அடைத்திருந்தால் அது விரிந்து, கிரீஸைத் தடுக்கும் ஆயில் சீலைத் தாண்டி, பிரேக் ஷூவில் வழியும். மழைக்காலத்தில் சூடான ஹப் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. மேட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்திலோ தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும். ஆகையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் ஓடிய ஜீப்பின் ஹப்பைப் பிரித்தால் கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்தில் வருவது வழக்கம். அந்த வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடின என்றால், ஆண்டுதோறும் யாரோ ஒருவர் பிரித்துக் கழுவி மாட்டினார் என்று பொருள். அந்தக் கூலியையும் அந்த ஒரு நாள் ஓட்ட இழப்பையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போதைய காரின் முன் சக்கரத்தில் பெரும்பாலும் இருப்பது, இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட மூடிய பேரிங். முதல் தலைமுறையில் அது, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற உருப்படிக்குள், பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தை வைத்து ஏற்றப்படும். இரண்டாம் தலைமுறையில் ஒரு வளையத்தோடு விளிம்புத் தட்டும் சேர்ந்தே வந்தது. மூன்றாம் தலைமுறையில் சக்கரம் மாட்டும் தட்டு, நக்கிளில் போல்ட் போடும் தட்டு, வேக சென்சாருக்கான வளையம் எல்லாம் ஒரே உருப்படியாகிவிட்டன. உங்களிடம் ஹப்பையே மாற்றச் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும். அதில் கிரீஸ் ஆயுள் முழுவதற்கும் அடைக்கப்பட்டிருக்கிறது. இடைவெளி வளையங்களைத் தேய்க்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. சரிசெய்ய எதுவுமே விடப்படவில்லை. எஃகும் மாறிவிட்டது. வெற்றிடத்தில் வாயு நீக்கிய எஃகு 1960களிலிருந்து பரவலானபோது, உலோகத்துக்குள் ஒளிந்திருந்து வெடிப்புக்கு வித்திடும் ஆக்சைடு துகள்கள் வெகுவாகக் குறைந்தன. ஒரே அளவுள்ள இரண்டு பேரிங்குகளில் புதியது அதிகக் காலம் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு ஏன் ரோலரை விட்டுக் குண்டுக்கு மாறினார்கள்? சுழலும்போது உராய்வு குறைவு, எடை குறைவு, எரிபொருள் மிச்சம். கார் ஒன்றின் எடைக்குக் குண்டுகளே போதும். கனமான பிக்கப் வண்டிகளுக்கு இன்றும் மூடிய டேப்பர் ரோலர் ஹப்புகளைத்தான் வைக்கிறார்கள். ஆனால் குண்டு வளையத்தைத் தொடுவது ஒரு புள்ளியில், உருளை தொடுவது ஒரு கோட்டில். பள்ளத்தில் சக்கரம் ‘டங்’ என்று விழும்போது புள்ளியில் விழும் அடி வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத குழியை ஏற்படுத்திவிடும். ஓசை தொடங்குவது பல நேரம் அங்கிருந்துதான். இந்த ஓர் இடத்தில் ஜீப்பின் பேரிங்குக்கு முரட்டுத்தனம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஆகிவிடாது. லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரண்டு சுவீடன் அறிஞர்கள் 1947-லும் 1952-லும் வெளியிட்ட கணக்கின்படி, சுமை இரட்டிப்பானால் குண்டு (பால்) பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகவும், ரோலர் பேரிங்கின் ஆயுள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகவும் சரியும். பின்கதவைத் திறந்துபோட்டு அதிலும் ஆள் நிற்க மலையேறும் ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் கணக்குதான். அதில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் வேறு தனிக் கணக்கு.

சஸ்பென்ஷனிலும் கதை ஏறத்தாழ இதேதான். பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலைகளை ஒருங்கே பார்த்தது: எடையையும் தாங்கியது, ஆக்சிலையும் இடம் விலகாமல் பிடித்துக்கொண்டது. பட்டை உடைந்தால் கம்பத்திலேயே மாற்றலாம், கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துச் சுமையும் ஏற்றலாம். அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சிறிய அதிர்வுகளுக்கு அது அசைவதே இல்லை. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சில் என்பதால் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கச் சக்கரமும் சாயும். அம்பாசடரில் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு சுமை தாங்கும் டார்ஷன் பார் என்ற கம்பி இருந்ததால் இரண்டு முன்சக்கரங்களும் தனித்தனியாக அசைந்தன, பின்பக்கம் பட்டையேதான். கிரீஸ் ஏற்றும் முனைகளான நிப்பிள்களுக்கு வேளை தவறாமல் கிரீஸ் கன் பிடித்தால் அந்த வண்டி எத்தனை மேட்டையும் ஏறும், பிடிக்காவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் நுட்பமானது: முன்சக்கரம் திரும்ப உதவும் மரை மூட்டான அதன் ட்ரனியனுக்கு வேண்டியது கிரீஸ் அன்று, கியர் ஆயில். நிப்பிளைக் கண்டதும் பழக்கத்தில் கிரீஸ் அடித்தவர்களின் வண்டிகளில் மரை தேய்ந்து, திருப்பத்தில் சக்கரமே மடிந்துவிழுந்தது உண்டு. பழைய பொறியியல் எளிமையானது என்று பேசுகிறவர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் நான் காட்டுவேன்.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் அமைப்பு 1950-ல் ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களோடு பெரிய அளவில் சாலைக்கு வந்தது. நம் சாலைகளில் அதைப் பரவலாக்கியது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. சக்கரத்தை மேலே பிடிக்கும் ஆர்ம் கிடையாது, ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிறுத்திவைக்கும் தூணாகிவிட்டது. மிச்சமான இடத்தில் எஞ்சினைக் குறுக்காக வைக்க முடிந்தது. நிப்பிள்களுக்குப் பதில் ரப்பர் புஷ்களும் பால் ஜாயிண்டுகள் எனும் மூடிய குண்டு மூட்டுகளும் வந்தன. ரப்பருக்கு எண்ணெய் வேண்டாம், ஆனால் அதை மாட்டும் முறை தெரிய வேண்டும். சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும்; சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் எடையோடு இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். “போன மாசம்தானே மாத்தினேன், அண்ணே” என்று திரும்பி வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூடிய பேரிங்கும் இப்படித்தான், பராமரிப்பு இல்லாமல் சாவதைவிட, தவறாக மாட்டப்பட்டுச் சாவது அதிகம். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பை உள்ளே ஏற்றும்போது உள் வளையத்துக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அந்த விசை முழுதும் குண்டுகள் வழியாகப் போய், வண்டி ஓர் அடி ஓடுவதற்கு முன்பே வளையத்தில் குழி விழுந்துவிடும். சுத்தியலால் தட்டி ஏற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பல பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி ஏற்றிவிட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையவே அணையாது, மறுபடியும் கழற்றினால் பேரிங்கும் வீண்.

உங்கள் காருக்கு வருகிறேன். ஓசை எஞ்சின் வேகத்தோடு இல்லாமல் வண்டியின் வேகத்தோடு ஏறுகிறதா என்று, கியரை நியூட்ரலில் வைக்காமலே, சமவெளிச் சாலையில் கவனியுங்கள். மலை இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம். இடப்பக்க வளைவில் ஓசை கூடினால் எடை வலப்பக்கம் சாய்கிறது என்பதால் பெரும்பாலும் வலது பேரிங். வலப்பக்க வளைவில் கூடினால் இடது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். டயர் ஓரம் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் இதே போன்ற ஓசை வரும் என்பதால், பேரிங் வாங்குவதற்கு முன் முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அகலமான அலாய் சக்கரமோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரோ மாட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எடை விழும் கோடு இரண்டு குண்டு வரிசைகளுக்கு நடுவே இருக்குமாறுதான் ஹப்பை வடிவமைத்திருக்கிறார்கள், சக்கரம் வெளியே தள்ளினால் வெளி வரிசையே முழுச் சுமையையும் வாங்கும். பேரிங்தான் என்று உறுதியானால், பிரஸ்ஸும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். ஆக்சில் நட்டை முழு டார்க்குக்கு இறுக்கிய பிறகுதான் சக்கரத்தைத் தரையில் இறக்க வேண்டும், பழைய நட்டையே திரும்பப் போடக்கூடாது. இந்த இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.