டீமில் சேரணும்னா 'டெஸ்ட்': ராகிங் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளி ஃபுட்பால் டீமில் சேர்ந்திருக்கிறான். புதிதாக வருகிறவர்களுக்கு சீனியர்கள் 'டெஸ்ட்' வைக்கிறார்களாம். 300 தோப்புக்கரணம், நடுராத்திரியில் வார்டன் கதவைத் தட்டிவிட்டு ஓடுவது, சட்டையில்லாமல் ஆடி வீடியோ எடுப்பது. "எல்லாரும் செஞ்சதுதாம்மா, நீ ஸ்கூல்ல வந்து பேசினா அசிங்கம்" என்கிறான். விட்டுவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உடம்பு. தோப்புக்கரணம் போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் தொடை வீங்கியதா, படியேற முடியவில்லையா, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா என்று இன்றே கேளுங்கள். பழக்கமில்லாத தசையை ஒரே மூச்சில் வேலை வாங்கினால் அது சிதையும். அதிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அறிகுறி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, சி.கே. (தசைச் சிதைவைக் காட்டும்), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்) ரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரை கொடுக்க வேண்டாம். அவை சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல்.

மகன் சீனியர்களுக்காகப் பரிந்து பேசுவதில் வியப்பில்லை. 1959-இல் ஆரன்சன், மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குழுவில் சேர வந்த கல்லூரி மாணவிகளில் சிலருக்கு மட்டும் கூச வைக்கும் சோதனை வைத்தார்கள். பிறகு எல்லோருக்கும் அதே சலிப்பூட்டும் உரையாடலைப் போட்டுக் காட்டியபோது, கூசிக் குறுகி உள்ளே வந்தவர்களே அது நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. அடுத்த வருடம் இவனே சீனியராகி அதே டெஸ்டை வைப்பதும் இதனால்தான்.

"யார்டா செஞ்சது?" என்று ஆரம்பித்தால் வாய் மூடிக்கொள்வான். பைக்கில் போகும்போதோ சாப்பாட்டுக்குப் பிறகோ, முகத்துக்கு நேராக உட்காராமல், இரண்டே கேள்வி கேளுங்கள்: "இன்னும் என்ன பாக்கி இருக்கு?", "முடியாதுன்னா என்ன ஆகும்?" இரண்டாவதற்கு "வீடியோவை வெளியில விட்டுடுவாங்க" என்று பதில் வந்தால் அது விளையாட்டு இல்லை, மிரட்டல். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன்கிட்ட சொல்லாம எதுவும் செய்யமாட்டேன்" என்பது போதும். அதைக் காப்பாற்றவும் முடியும்.

வாட்ஸ்அப் குரூப்பை விட்டு அவன் உடனே வெளியேறக் கூடாது. செய்திகள் தானாக அழியும்படி வைத்திருக்கலாம், அதனால் பெயர், தேதி, நேரம் தெரியும்படி இன்னொரு போனில் படமெடுத்து வையுங்கள். வீடியோவில் பிள்ளைகள் உடையில்லாமல் இருந்தால் தலைமையாசிரியருக்குக்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவர் நீங்களாகி, சட்டச் சிக்கல் உங்கள் பக்கம் திரும்பும். போனை அப்படியே வைத்திருந்து போலீஸிடம் காட்டுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்ட பிறகு வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997, ஒரு மாணவர் தானாக விரும்பிச் செய்யாததைச் செய்யச் சொல்வதையே ராகிங் என்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் இருந்தால் குற்றத்துக்கு உடந்தை. போனில் புலம்பினால் புகார் கொடுத்ததற்கே ஆதாரம் இருக்காது. ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதி, எந்த இடம், என்ன செய்யச் சொன்னார்கள், யார் பார்த்தார்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். 'அன்றிரவே அறை மாற்றம்', 'உடை மாற்றும் இடத்தில் பி.டி. சார் இருக்க வேண்டும்', 'என் மகன் டீமில் தொடர்வான்' என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவதை விட்டால், உங்கள் பிள்ளையை டீமிலிருந்து எடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள்.

சீனியரின் அப்பாவுக்குப் போன் போடுவது, பெற்றோர் குரூப்பில் பெயர் போடுவது, மாமனை அனுப்பி கேட்டில் மிரட்டுவது, மூன்றும் அன்றிரவே ஹாஸ்டலில் உங்கள் பையன் தலையில் விடியும். பள்ளி அசையாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. யு.ஜி.சி. ராகிங் உதவி எண் கல்லூரிகளுக்கானது.

கேள்வி: டெக்சாஸில் ஹைஸ்கூல் படிக்கும் என் மகளை டான்ஸ் டீம் சீனியர்கள் ஒரு கேலன் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொன்னார்களாம். வெறும் தண்ணீர்தானே? அவளும் சம்மதித்துத்தான் குடித்தாளாம்.
- வாசகர், டாலஸ்

பதில்: வெறும் தண்ணீர் இல்லை. ஒரு கேலன் என்பது 3.8 லிட்டர், சிறுநீரகம் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் வெளியேற்றும். மிச்சம் ரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து மூளையை வீங்க வைக்கும். 2005-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் இறந்தார். தலைவலி, வாந்தி, குழப்பம் தெரிந்தால் 911. சம்மதித்தாள் என்ற வாதம் அங்கே எடுபடாது: டெக்சாஸ் கல்விச் சட்டம் ஹைஸ்கூலுக்கும் பொருந்தும், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைத் தற்காப்பாக ஏற்காது. நேரில் அறிந்தும் புகார் செய்யாமலிருப்பதும் அங்கே குற்றம். கோச்சிடம் மட்டும் சொல்லி நிறுத்தாமல் பிரின்சிபாலுக்கு இமெயில் அனுப்புங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். மாட்டேன் என்றால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். எப்படிச் சொல்வது?
- மாணவர், தூத்துக்குடி

பதில்: தனியாகச் சொல்லாதே. இன்னொரு ஜூனியரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகச் சொல்லும்போது, கூட ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால்கூட மற்றவருக்கு எதிர்க்கத் தைரியம் வருகிறது என்பதை 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். காரணம் சொல்லாதே; காரணம் சொன்னால் அதை வைத்தே வாதாடுவார்கள். "நான் இதைச் செய்யலண்ணா, பிராக்டிஸுக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அறைக்குள் கூப்பிட்டால் போகாதே, மைதானத்திலேயே பேசு. போனை யார் கையிலும் கொடுக்காதே.