வாசகர் கேள்வி: காசு கொடுத்துத் திண்ணையைப் பார்க்கணுமா?

கே: லீவுக்கு வரும் அக்கா பிள்ளைகளை சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம் என்றால், "நான் பொறந்து வளர்ந்த மாதிரி வீட்டைக் காசு கொடுத்துப் பார்க்கணுமா?" என்கிறார் மாமியார். அவரை விட்டுவிட்டுப் போய்விடலாமா? – ஒரு வாசகி, அம்பத்தூர்

ப: தயவுசெய்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் இல்லாமல் போனால் பிள்ளைகள் பத்து ஏக்கரையும் ஒரு மணி நேரத்தில் ஓடி முடித்துவிட்டு, சாப்பாடு எங்கே என்று கேட்பார்கள். நான் போயிருந்தபோது திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், பேரன் செல்போனும் கையுமாக நின்றான். திண்ணை ஓரத்தில் தலையணை மாதிரி மேடாகக் கட்டியிருக்குமே, அதைத் தடவிக்கொண்டே, "இது எதுக்கு தெரியுமா? வழிப்போக்கருங்க ராத்திரி தலை வெச்சுப் படுக்க" என்றார். முன்பின் தெரியாதவரையா வீட்டு வாசலில் தூங்கவிட்டீர்கள் என்று பையனுக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் அரை மணி நேரம் அவன் கேட்க, அவர் சொல்ல, நானும் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த அறிவிப்புப் பலகையிலும் அதெல்லாம் எழுதியிருக்காது. உங்கள் மாமியாருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், சொல்ல நிறைய இருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயில் பெரியவர்களுக்கு ஆகாது. எல்லா வீட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்றில்லை. செட்டிநாட்டு வீட்டின் வழவழப்பான மரத்தூண்களைப் பார்த்த கையோடு குயவர் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து பாருங்கள், ஒரே நாட்டில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும். அங்கிருந்து அய்யனாரிடம் போங்கள். அந்த மண் குதிரைகளைச் செய்கிற குயவர்களே, வேளார் என்று நாம் சொல்கிறவர்களே, பல ஊர்களில் அய்யனார் கோயில் பூசாரிகளும்கூட. இதையும் மாமியாரே சொல்லட்டும்.

கே: தட்சிணசித்ராவில் இருப்பவை உண்மையான பழைய வீடுகளா, சினிமா செட் மாதிரி கட்டியவையா? – ஒரு வாசகர், தென்காசி

ப: செட் இல்லை. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. 1996 டிசம்பரில் திறந்தார்கள். வளாகத்தை அமைத்ததில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்குப் பங்கு உண்டு. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் மரம், பலகையைப் பலகைக்குள் கோத்துச் செய்த வேலை. அதனால்தான் அதைக் கழற்றிப் பூட்ட முடிந்தது. மண் சுவரை அப்படி மூட்டை கட்டி எடுத்துவர முடியாது, அதைப் புதிதாகத்தான் எழுப்பியாக வேண்டும். அதற்கு அந்தந்த வட்டாரத்துக் கைவேலைக்காரர்கள் வேண்டும். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, வீட்டோடு சேர்த்து அதைக் கட்டத் தெரிந்த கைக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டையும் தவறவிடாதீர்கள். கூரை ஏறக்குறைய தரை வரை இறங்கியிருக்கும், சுவருக்கு மூலையே கிடையாது. புயல் காற்று மோதி நிற்க இடம் இல்லாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கே: எங்கள் வீட்டுப் பரணில் மரக்கால், படி, உழக்கு எல்லாம் கிடக்கின்றன. ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

ப: கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் யாரையாவது உட்காரவைத்து, இது யாருடையது, எதை அளந்தது, கூலி நெல்லா, கடன் நெல்லா, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கூடவே கட்டிவிடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கொல்லையில் யார் கையில் அது இருந்தது, யார் முறத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதை அவரிடம்தான் கேட்க முடியும். எங்கள் வீட்டு மரக்காலைப் பாட்டி போன மறு வருஷம் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டோம். விளிம்பில் பித்தளைப் பட்டை, ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கும். எப்படி நசுங்கியது என்று கேட்க இப்போது யாரும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணிலிருந்து இறக்குங்கள்.