திட்டக் கமிஷனிடம் ஏஐ இருந்திருந்தால்?

கேள்வி: யாருக்கு எந்தப் பொருள் எவ்வளவு தேவை என்பதை ஏஐ நொடியில் கணக்குப் போட்டுவிடும். அப்புறம் சந்தை எதற்கு? நாட்டுக்கே ஐந்தாண்டுத் திட்டம் போட்ட பழைய திட்டக் கமிஷன் தடுமாறியது நல்ல கணினி இல்லாததால்தானே?
- பொருளாதார மாணவர், சேலம்

பதில்: தம்பி, சுமார் 60 வருடம் முன்பே இதை ஒருவர் எழுதிவிட்டார். போலந்துப் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் லாங்கே. சந்தை என்பதே மின்னணுக் காலத்துக்கு முந்தைய ஒரு கணக்கு இயந்திரம், கணினி அதைவிட வேகமாக அந்த வேலையைச் செய்துவிடும் என்பது அவர் வாதம். சோவியத் யூனியனில் கணினி விஞ்ஞானி விக்டர் குளுஷ்கோவ் நாட்டின் ஆலைகளையெல்லாம் ஒரே கணினி வலையில் கோக்க 1962-லிருந்து போராடினார். செலவும், அமைச்சகங்களுக்குள் இருந்த போட்டியும் அதை முழுதாக நடக்க விடவில்லை.

நடந்திருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது என்பது என் கருத்து. மூலப்பொருளை அரசு பங்கிட்டுக் கொடுத்த கோட்டா காலத்தில், கோவையில் பம்ப்செட் பாடி ஊற்றும் பவுண்டரி (வார்ப்படப் பட்டறை) நடத்தியவன் நான். பிக் அயர்னும் (வார்ப்புக்கு உருக்கும் கட்டி இரும்பு) கோக்கும் (உலையில் எரிக்கும் நிலக்கரி வகை) விண்ணப்பம் போட்டுத்தான் வாங்கவேண்டும். எவ்வளவு கேட்டாலும் பாதிதான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 20 டன் தேவைப்படுகிறவர் 40 என்று எழுதுவார். அது அதிகாரிக்கும் தெரியும், இன்னும் வெட்டுவார். அடுத்த முறை 60 என்று எழுதுவார்கள். இன்னொரு பக்கம், மூடிப்போன பட்டறையின் பெயரில் கோட்டா வந்துகொண்டே இருக்கும், அந்த இரும்பு வெளியில் கூடுதல் விலைக்குப் போகும். டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அவர்கள் மேஜைக்குப் போய்ச் சேர்ந்த எண் பொய். அந்த எண்ணை ஏஐயிடம் கொடுத்தால் அதுவும் பொய்யைத்தான் கற்றுக்கொள்ளும்.

எந்தப் படிவத்திலும் ஏறாத விஷயமும் உண்டு. ஒரு கோடையில் பல்லடம் டீலர் ஒருவர், “கிணத்துல தண்ணி இல்லைங்க, எல்லாரும் போர் போடறாங்க. மோனோபிளாக் அனுப்பாதீங்க, சப்மெர்சிபிள் இருந்தா குடுங்க” என்றார். மோனோபிளாக் மேலே வைத்து இறைக்கும் பம்ப், சப்மெர்சிபிள் தண்ணீருக்குள் மூழ்கி இறைக்கும் பம்ப். அந்த வாரமே வார்ப்பு அச்சுகளை மாற்றத் தொடங்கினோம். பொருளாதாரத்துக்கு வேண்டிய அறிவு இப்படி அங்கங்கே ஆட்களிடம் சிதறிக் கிடக்கிறது, ஒரே இடத்தில் திரட்டமுடியாது என்று பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945-லேயே எழுதினார். ஒருவர் தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கும்போதுதான் அவருக்கு உண்மையிலேயே என்ன வேண்டும் என்று வெளியே தெரிகிறது. அந்த வாங்கல் விற்றலை நிறுத்திவிட்டால் ஏஐ படிப்பதற்கே எதுவும் மிஞ்சாது.

பெரிய கம்பெனிகள் உள்ளுக்குள் ஏஐ வைத்துத் திட்டம் போடுகின்றனவே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். போடட்டும். கணக்கு தப்பினால் நஷ்டம் அவர்களுக்கு, வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் என்றால் போவதற்கு அடுத்த கடை கிடையாது.

கேள்வி: அப்படியானால் ஏஐ வளர்ச்சியில் அரசுக்குப் பங்கே இல்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: நிச்சயமாக உண்டு அம்மா. இன்றைய ஏஐக்கு அடித்தளமான நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்பு வலையைப் பார்த்து அமைத்த கணினி முறை) ஆராய்ச்சியைப் பலரும் வேலைக்காகாது என்று ஒதுக்கியிருந்த நேரத்தில், 2004-ல் கணினி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன் குழுவுக்குக் கைகொடுத்தது அரசுப் பணமும் பெறும் ஒரு கனடா ஆராய்ச்சி அமைப்பு. உடனே லாபம் தராத அந்த மாதிரி வேலைக்குப் பொதுப்பணம்தான் வரவேண்டும். 2024-ல் ஹிண்டனுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் பாருங்கள். 2012-ல் அவருடைய மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, படத்தைப் பார்த்து இது பூனை, இது லாரி என்று சொல்லும் நிரலைத் தன் பெற்றோர் வீட்டு அறையில் வைத்துப் பயிற்றுவித்தார். பயன்படுத்தியது, சிப் கம்பெனியான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 580 என்ற கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு. வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகளுக்காகக் கடையில் விற்ற கார்டு அது! நம் பழைய லைசென்ஸ் கமிட்டியிடம் இதற்கு அனுமதி கேட்டிருந்தால் ஆடம்பரப் பொருள் என்று கோப்பை மூடியிருப்பார்கள். உலகத்தை மாற்றப்போகும் ஏஐக்கு அந்தக் கார்டு வேண்டும் என்று எந்தத் திட்டக்காரருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதைத் தயாரித்தவர்களுக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தது, கார்டு வருடா வருடம் மேம்பட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: நாலைந்து அமெரிக்கக் கம்பெனிகள் கையில் எல்லாம் இருக்கிறது. இதைப் போய் சுதந்திரச் சந்தை என்கிறீர்களே?
- வங்கி ஊழியர், மதுரை

பதில்: உங்கள் கவலை எனக்கும் உண்டு. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, புதிதாக ஒருவர் நுழைய முடிகிறதா என்றும் பார்க்கவேண்டும். 2025 ஜனவரியில் சீனாவின் ஹாங்ஜோவைச் சேர்ந்த டீப்சீக் என்ற புதிய ஏஐ கம்பெனி தன் மாடலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டதும், 27-ம் தேதி ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பில் 58,000 கோடி டாலருக்கு மேல் போனது. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

அதை மூடக்கூடியது லைசென்ஸ். 2023 மே மாதம் அமெரிக்க செனட் முன் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ கம்பெனியின் தலைவர் சாம் ஆல்ட்மேன், திறன் மிகுந்த மாடல்களுக்கு உரிமம் தரும் அமைப்பு வேண்டும் என்றார். பெரிய கம்பெனிக்கு உரிமம் வாங்க வக்கீல் இருக்கிறார். காந்திபுரத்தில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பிக்கும் கம்பெனிக்கு யார் இருக்கிறார்கள்? நம் நாட்டிலும் 2024 மார்ச் 1-ம் தேதி, சோதனையில் உள்ள ஏஐ மாடலை வெளியிட மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஓர் அறிவுரை வந்தது. எதிர்ப்பு கிளம்பி, 15-ம் தேதியே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்கு 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜியின் ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்ற பேச்சுதான் மனதில் ஓடியது.

நோயாளிக்கு மருந்து சொல்லும் ஏஐயை முன்கூட்டியே சோதிக்கத்தான் வேண்டும், மாத்திரையைச் சோதிப்பதுபோல. மற்றதில் தீங்கு நடந்தால் கடுமையாகத் தண்டியுங்கள், நஷ்டஈடு வாங்கிக் கொடுங்கள். வாசலில் பெர்மிட் கேட்காதீர்கள்.

கேள்வி: மத்திய அரசின் இந்தியா ஏஐ மிஷனுக்கு 10,372 கோடி ரூபாய். சரியா, வீணா?
- வாசகர், ஈரோடு

பதில்: மானிய வாடகையில் ஜிபியு (ஏஐயைப் பயிற்றுவிக்க வேண்டிய கணக்குச் சிப்) கொடுப்பது நல்ல விஷயம். யாருக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதை வெளிப்படையாகப் போடவேண்டும். இல்லையென்றால் பிக் அயர்ன் கோட்டாவுக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும்.

கேள்வி: அப்பா சிறிய பவுண்டரி நடத்துகிறார். ஏஐ எங்களுக்கு உதவுமா?
- பாலிடெக்னிக் மாணவி, கோவை

பதில்: உதவும்மா. வார்ப்பில் ப்ளோ ஹோல் (காற்று அடைத்த ஓட்டை), விரிசல் எல்லாவற்றையும் கேமரா வைத்துப் பிடிக்கும் முறை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் அதற்கு உங்கள் பட்டறையின் ரிஜெக்ட்தான் பாடப்புத்தகம். இப்போது கழித்த பாடியை அப்படியே மறுபடி உருக்கப் போட்டுவிடுகிறார்கள். நாளையிலிருந்து போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூடவே தேதி, எத்தனையாவது உருக்கலில் ஊற்றியது, அச்சு மண்ணின் ஈரம் எவ்வளவு, மோல்டர் (அச்சு போட்டவர்) யார் என்று எழுதட்டும். தப்பு வெளியே தெரிந்தால் கூலியைப் பிடிப்பார்கள் என்று மோல்டர் பயந்தால் எண் பொய்யாகிவிடும். பிடிக்கமாட்டோம் என்று அப்பா அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடட்டும்.