சனிக்கிழமைப் பேதியும் சரியாகாத வயிறும்

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் படிப்பிக்கிறேன், வயது 36. நான்கு வருடமாக மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. இடது அடிவயிற்றில் வலி. வெளிக்குப் போனால் குறையும். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் எல்லாம் சரி, ஐபிஎஸ் (பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிற்றுவலியும் மலக் கோளாறும் தருகிற குடல் நோய்) என்று சொல்லி டொக்டர் லக்டுலோஸ் பாணி தந்தார். வயிறு இன்னும் ஊதுகிறது. சனிக்கிழமைகளில் அம்மா நிலாவரைச் சூரணம் தருவா. அது போக வைக்கிறது, ஆனால் அன்று முழுக்க வயிற்றைப் பிடித்து முறுக்கும். இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தச் சனிக்கிழமையைப் பார்ப்போம். சூரணம் குடித்ததும் குடல் காலியாகிவிடுகிறது. அது திரும்ப நிறைய இரண்டு மூன்று நாளாவது வேண்டும். திங்களும் செவ்வாயும் போகவில்லை என்றால் அது சிக்கல் அல்ல, போவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் பயம் வந்துவிடும், வார முடிவில் திரும்பவும் பேதி. இந்தச் சுற்றில் மாட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். நிலாவரை குடல் தசையைத் தூண்டி இறுக வைக்கும் மருந்து. உங்கள் குடலோ சாதாரண அசைவையே வலியாக உணர்கிற குடல். அதனால்தான் முறுக்கு. 'தொடர்ந்து எடுத்தால் குடல் செத்துப்போகும்' என்று பயமுறுத்துவார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எனக்கு அதில் பிடிக்காதது வலிதான். ஆமணக்கெண்ணெய்க்கும் இதே பதில்.

லக்டுலோஸ் ஒரு வகைச் சர்க்கரை. பெருங்குடலில் பக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகும். மலம் இளகும், வயிறும் ஊதும். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு இதை நான் விரும்பிக் கொடுப்பதில்லை. மக்ரோகோல் தூள் கிடைக்குமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அது புளிக்காமல் நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மக்ரோகோல் மலத்துக்குத்தான், வலிக்கு அல்ல. இது தெரியாமல் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். வலிக்கு மெபெவரின் குளிசை, அல்லது வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெய்க் கப்சியூல். நெஞ்செரிவு உள்ளவர்களுக்குக் கப்சியூல் ஒத்துவராது. அமித்திரிப்டிலின் வலியைக் குறைக்கும், ஆனால் மலத்தை இறுக்கும். யாராவது எழுதித் தந்தால் உங்கள் மலச்சிக்கலை ஞாபகப்படுத்துங்கள். இரும்பு, கல்சியம் குளிசைகளும் மலத்தை இறுக்குபவைதான்.

நார்ச்சத்து என்றதும் குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், தவிட்டு பிஸ்கட் என்று ஒரே வாரத்தில் இறங்கிவிடாதீர்கள். கரையாத நார், அதுவும் கோதுமைத் தவிடு, ஐபிஎஸ் வயிற்றில் வலியையும் ஊதலையும் கூட்டக்கூடும். நல்ல ஆதாரம் உள்ளது இசப்கோல் உமி. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு குடித்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்லக் கூட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும், எங்கள் வெயிலில் இன்னும் கவனம். ஊதல் கூடுதல் என்றால் வெங்காயம், உள்ளி, பாண், பருப்பு, கடலை ஆகியவற்றைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விடவேண்டியதில்லை. கிவிப் பழம் நாளுக்கு இரண்டு நல்லது என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் எங்கள் சம்பளத்துக்கு அது கட்டாது. பப்பாப்பழத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை, ஆனாலும் வாயுவைக் கூட்டாத பழம்.

காலையில் தேத்தண்ணியோடு பஸ் ஏறுகிறீர்களா? சாப்பிட்ட பிறகுதான் பெருங்குடல் நன்றாக அசையும். அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு நின்றால் எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். கொஞ்சம் முன்னதாக எழுந்து, சாப்பிட்டு, அவசரமில்லாமல் இருந்து பாருங்கள். கொமட் என்றால் காலுக்குக் கீழ் சின்ன ஸ்டூல் வையுங்கள்.

சரி, தமிழ் மருந்தையும் சேர்க்கலாமா? இரண்டு பேதி மருந்துகளை ஒன்றாக வேண்டாம். வயிற்றோட்டத்தில் பொட்டாசியம் குறையும். கடுக்காய் சேர்ந்த திரிபலாவும் பேதிப் பக்கம்தான். சித்த வைத்தியரிடம் போவதாக இருந்தால் ஆங்கில மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதற்கு நான்கு வாரம் கொடுங்கள், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. பாதரசம், ஈயம் சேர்ந்திருக்கக்கூடிய பற்பம், செந்தூரம் இதற்குத் தேவையில்லை. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், மக்னீசியம் சேர்ந்த பேதி மருந்து எடுக்குமுன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்ப்பது நல்லது.

போரைக் கடந்து வந்த உடம்பில் குடலும் நரம்பும் சேர்ந்தே பதறும். ஆழ மூச்சு, யோகா, மனநல ஆலோசனை எல்லாம் இதற்கு உண்மையான வைத்தியமே. 'மனசில்தான் நோய்' என்று அர்த்தமல்ல.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தச்சோகை, நித்திரையில் எழுப்பும் வலி, நெருங்கிய உறவில் குடற் புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.